பிழைக் கணக்கும் பெருவங்கியின் வீழ்ச்சியும்

பணப்பெட்டியின் சாவி ஒருவர் கையிலும் பேரேடு மற்றொருவர் கையிலும் இருத்தல் வேண்டும் என்பது கூட்டுறவுச் சங்கங்களில் நெடுங்காலமாக வற்புறுத்தப்பட்டு வரும் விதி. ஆயினும் இதனை நாம் எடுத்துரைக்கும்போதெல்லாம் நிர்வாகக் குழுவினரின் முகம் வாடுவதைக் காண்கிறோம். "எங்கள் செயலாளர் இருபது ஆண்டுகளாகச் சங்கத்துக் காசில் கை வைத்தவரல்லர். அவரை ஐயுறுவதா?" என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அவ்விதி திருடனை மட்டும் மனத்திற்கொண்டு ஏற்பட்டதன்று. நேர்மையான மனிதன் தவறு செய்துவிட்ட நாளில் அத்தவற்றை மறைக்கும் வாய்ப்பு அவனுக்கு இல்லாமற் செய்வதே அதன் முதல் நோக்கமாகும்.

இவ்வுண்மையை விளக்குவதற்கு, நெசவுக்கும் உழவுக்கும் தொடர்பற்றதாகத் தோன்றும் ஒரு நூலை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். அது முதலீட்டு வங்கியொன்றில் வர்த்தகராகப் பணியாற்றியவர் எழுதிய தன்வரலாறு. ஆசிரியர் பெயர் நிக் லீசன். நூலின் பெயர் 'ரோக் டிரேடர்'. நெறி தவறிய வர்த்தகன் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். 1996-ஆம் ஆண்டு அது வெளிவந்தபோது ஆசிரியர் சிங்கப்பூர்ச் சிறையில் இருந்தார். அவர் பணியாற்றிய வங்கி அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டது.

வங்கியின் பழம்பெருமை

அவ்வங்கியின் பெயர் பேரிங்ஸ். அதன் தோற்றத்தை நெசவாளர்கள் அறிந்துகொள்வது நன்று. ஜெர்மனியின் பிரேமன் நகரத்தைச் சேர்ந்த பேரிங் என்பவர் 1717-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகருக்கு வந்து கம்பளித் துணி வணிகத்தில் ஈடுபட்டார். அவருடைய மக்கள் 1762-இல் லண்டனில் ஒரு வணிக நிலையத்தைத் தொடங்கினர். துணி வணிகத்தில் ஈட்டிய நம்பிக்கையே அவர்களுக்கு மூலதனமாயிற்று. நாளடைவில் துணியை விட்டுவிட்டுப் பணத்தையே சரக்காகக் கொண்டனர். 1803-இல் அமெரிக்க ஐக்கிய நாடு பிரான்சிடமிருந்து லூசியானாப் பெருநிலப்பரப்பை விலைக்கு வாங்கியபோது, அதற்குரிய பணத்தைத் திரட்டித் தந்தவர்களுள் பேரிங்ஸ் நிறுவனத்தாரும் இருந்தனர்.

1890-இல் அர்ஜென்டினா நாட்டிற்குக் கடன் கொடுத்து இவ்வங்கி முழுகும் நிலைக்கு வந்தது. அப்பொழுது இங்கிலாந்து வங்கி தலையிட்டு அதனைக் காப்பாற்றியது. அதன் பின்னர் நூறாண்டுகளுக்கு மேலாக அது லண்டனின் மதிப்புமிக்க நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. அதன் பங்குகளை உடைமையாகக் கொண்டிருந்தது ஓர் அறக்கட்டளை என்பதும் குறிப்பிடத்தக்கது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற இந்நிறுவனத்தை, இருபத்தெட்டு வயது நிரம்பாத ஓர் ஊழியர் ஆற்றிய செயல்கள் வீழ்த்தின என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் அவர் எவ்வாறு வீழ்த்தினார் என்பதைப் பார்த்தால் வியப்பு நீங்கி அச்சம் தோன்றும்.

எழுத்தர் வர்த்தகரான வரலாறு

லீசன் 1967-இல் லண்டனுக்கு அருகிலுள்ள வாட்ஃபோர்டில் பிறந்தவர். தந்தை சுவர்ப் பூச்சு வேலை செய்பவர். பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தில் தவறியவர், வங்கிகளில் எழுத்தராகச் சேர்ந்து, 1989-இல் பேரிங்ஸுக்கு வந்தார். அவருடைய தொடக்கப் பணி வாங்குவதும் விற்பதுமன்று. பிறர் முடித்த பேரங்களுக்குப் பணம் வந்ததா, பத்திரம் சென்றதா என்று சரிபார்க்கும் கணக்குத் தீர்வுப் பகுதியிலேயே அவர் இருந்தார்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் அவ்வங்கிக்குரிய ஏறத்தாழ பத்துக் கோடிப் பவுன் மதிப்புள்ள பங்குப் பத்திரங்கள் ஒழுங்கின்றிக் குவிந்து கிடந்தன. நிலவறையொன்றில் பல மாதங்கள் உழைத்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து உரியவர் கணக்கில் சேர்த்தவர் லீசன். அவருக்கு நற்பெயர் ஏற்பட்டது. கணக்குப் பகுதியின் இண்டு இடுக்குகளும் அவருக்கு அத்துபடியாயின. கணக்கைச் சீர்ப்படுத்தக் கற்றவருக்கு, அதே கணக்கில் ஒன்றை எங்கே ஒளிக்கலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

1992-இல் அவர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன் லண்டனில் வர்த்தகர் உரிமத்திற்காக விண்ணப்பித்தபோது, தம்மீது கடன் தீர்ப்பு இருந்ததை மறைத்திருந்தார். அது தெரியவந்ததும் அங்கே உரிமம் கிட்டவில்லை. வங்கி அதனைப் பொருட்படுத்தாமல் அவரைக் கடல் கடந்து அனுப்பியது. சிங்கப்பூரில் அவருக்கு இரண்டு பொறுப்புகள் வந்து சேர்ந்தன. சந்தைக் களத்தில் வாங்கி விற்பதற்கும் அவரே தலைவர்; அப்பேரங்களைப் பதிந்து சரிபார்க்கும் பகுதிக்கும் அவரே தலைவர். சாவியும் பேரேடும் ஒரே கையில் சேர்ந்தன.

முன்பேரம் என்பது யாது?

லீசன் செய்த வணிகத்தை உழவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மஞ்சள் நட்டுள்ள ஒருவர், அறுவடைக்கு முன்னரே ஒரு வணிகரிடம், "தை மாதத்தில் இன்ன விலைக்குத் தருகிறேன்" என்று ஒப்பந்தம் செய்கிறார் எனக் கொள்வோம். தை மாதத்தில் சந்தை விலை ஏறினால் வணிகருக்கு ஆதாயம். இறங்கினால் உழவருக்கு ஆதாயம். இதுவே முன்பேரம். விலை வீழ்ச்சியிலிருந்து விளைவிப்பவரைக் காப்பதற்காக ஏற்பட்ட முறையாதலின் இது குற்றமுடையதன்று.

சிங்கப்பூர்ச் சந்தையிலோ மஞ்சளும் பருத்தியும் இல்லாமலேயே இவ்வணிகம் நடைபெற்றது. ஜப்பானிய நிறுவனங்கள் 225-இன் பங்கு விலைகளைக் கொண்டு கணிக்கப்படும் நிக்கேய் என்னும் குறியீட்டெண்ணே அங்கே சரக்கு. எண் ஏறும் என்று கருதுபவர் வாங்குவார். இறங்கும் என்று கருதுபவர் விற்பார். அன்றன்று ஏற்படும் நஷ்டத்தை அன்றன்றே சந்தைக்குக் கட்ட வேண்டும். இவ்வாறு கட்டும் பணத்தை ஈட்டுப் பணம் எனலாம்.

லீசனுக்கு வங்கி அனுமதித்த வேலை மிக எளியது. இதே ஒப்பந்தங்கள் ஜப்பானின் ஒசாகாச் சந்தையிலும் விற்கப்பட்டன. ஓரிடத்தில் விலை சற்றுக் குறைந்திருந்தால் அங்கே வாங்கி, அதே நேரத்தில் மற்றோரிடத்தில் விற்றுவிட வேண்டும். இடையிலுள்ள சிறு வேறுபாடே இலாபம். கையில் எதனையும் வைத்துக்கொள்ளாததால் விலை ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. பெரிய நஷ்டத்திற்கும் இதில் இடமில்லை. பெரிய இலாபத்திற்கும் இடமில்லை. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

இருபது ஒப்பந்தங்கள்

எங்கும் வாங்கி விற்கும்போது பிழைகள் நேர்வது இயல்பு. அவற்றைத் தனியே எழுதி வைத்து, காரணம் கண்டு, நேர் செய்வதற்காகப் பிழைக் கணக்கு ஒன்று வைப்பது வழக்கம். லீசன் 1992 ஜூலையில் அத்தகைய கணக்கொன்றைத் திறந்தார். அதன் எண் 88888. எட்டு என்பது சீனர்களுக்கு நல்வாய்ப்பைக் குறிக்கும் எண்ணாகும். பின்னர் லண்டன் அலுவலகம், பிழைகளைப் பழைய கணக்கொன்றிலேயே எழுதும்படி கூறிவிட்டது. புதிய கணக்குக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆனால் எவரும் அதனை மூடவில்லை.

அதே மாதத்தில், புதிதாக வேலைக்கு வந்த இளம்பெண் ஒருத்தி, வாடிக்கையாளர் இருபது ஒப்பந்தங்களை வாங்கச் சொன்னதை மாறாகக் கொண்டு இருபதை விற்றுவிட்டாள். மாலையில் கணக்கைப் பொருத்தும்போது இது தெரிந்தது. விலை ஏறியிருந்ததால் 20 ஆயிரம் பவுன் நஷ்டம். மேலிடத்திற்கு அறிவித்தால் அவளுடைய வேலை போய்விடும் என்று எண்ணியதாக லீசன் எழுதுகிறார். ஆகவே உறங்கிக் கிடந்த 88888-இல் அதனை எழுதி மறைத்தார்.

நூலின் உயிர்நிலை இதுவே என்று கருதுகிறோம். இவ்விடத்தில் பேராசை இல்லை, சூது இல்லை, களவும் இல்லை. எளிய பெண்ணொருத்தியின் மீது கொண்ட இரக்கமே காணப்படுகிறது. நம்முள் பலர் அந்நிலையில் அதனையே செய்திருப்போம். ஆயினும் அன்று 20 ஆயிரம் பவுனோடு முடிந்திருக்க வேண்டிய நஷ்டம், அதனைக் கூறாமல் விட்டமையால் முடிவற்றதாயிற்று. ஒரு பிழையை மறைத்தவர் மறுநாள் மற்றொன்றைக் கூற இயலாதவராகிறார். கூறினால் முதலாவதும் வெளிப்பட்டுவிடுமன்றோ?

நஷ்டம் வளர்ந்த விதம்

மறைத்த நஷ்டத்தை மீட்பதற்காக அவர் அனுமதியின்றிப் பேரம் செய்யத் தொடங்கினார். 1993-ஆம் ஆண்டின் நடுவில் ஒருமுறை இழந்தது முழுவதும் மீண்டுவிட்டதாக அவர் எழுதுகிறார். அன்று அக்கணக்கை மூடியிருக்கலாம். மூடவில்லை. தப்பித்த பழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது.

விசாரணையில் வெளிப்பட்ட தொகைகளைக் காண்போம். 1992 இறுதியில் மறைந்திருந்த நஷ்டம் 20 இலட்சம் பவுன். 1993 இறுதியில் அது 2.3 கோடி. 1994 இறுதியில் 20.8 கோடி. 1995 பிப்ரவரி இறுதியில் 82.7 கோடி. முதல் இரண்டு ஆண்டுகளில் சேர்ந்ததைவிடக் கடைசி இரண்டு மாதங்களில் சேர்ந்தது பலமடங்கு மிகுதி என்பதைக் கவனிக்க. மறைத்த நஷ்டம் தவணை தவறாமல் வளரும் வட்டிக் கடனைப் போன்றதன்று. கரை உடைத்த ஏரியைப் போன்றது.

இதற்கிடையே லண்டனுக்கு அவர் அனுப்பிய கணக்கில் இலாபமே காணப்பட்டது. 1994-இல் 2.85 கோடிப் பவுன் ஈட்டியதாகக் காட்டினார். உண்மையில் அவ்வாண்டில் மட்டும் 18.5 கோடி இழந்திருந்தார். வங்கியில் அவர் புகழ் ஓங்கியது. பெருந்தொகை போனஸாகக் கிடைத்தது. கணக்கில் மறைத்த பணத்தை அவர் தம் பைக்கு எடுத்துச் செல்லவில்லை என்பது உண்மை. ஆனால் இல்லாத இலாபத்திற்காகப் பெற்ற போனஸை வேறு எவ்வாறு கருதுவது?

லண்டன் ஏன் காணவில்லை?

இவ்வளவு பெரிய ஓட்டையை மேலிடத்தார் எவ்வாறு காணாதிருந்தனர் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். காணும் வாய்ப்புகள் பலமுறை வந்தன. அவற்றுள் நான்கினை மட்டும் கூறுகிறோம்.

முதலாவது, 1992-லேயே சிங்கப்பூர் மேலாளர் ஒருவர், அங்குள்ள பொறுப்புகள் தெளிவற்றுக் கலந்து கிடப்பதால் பேராபத்து நேரக்கூடும் என்று லண்டனுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் படிக்கப்பட்டது; ஏற்பாடு மாறவில்லை.

இரண்டாவது, அன்றாட அறிக்கைகளில் 88888 சேராதபடி கணிப்பொறியில் மாற்றம் செய்யப்பட்டிருந்தது. ஆனால் ஈட்டுப் பணம் பற்றிய அறிக்கையில் மட்டும் அது லண்டனுக்குச் சென்றுகொண்டே இருந்தது. லண்டன் கணிப்பொறிக்கு அவ்வெண் அறிமுகமில்லாததால் அது ஒதுக்கி வைக்கப்பட்டது. ஒதுக்கி வைக்கப்பட்டது என்ன என்று எவரும் திறந்து பார்க்கவில்லை.

மூன்றாவது, 1994-இன் நடுவில் வங்கியின் உள்தணிக்கையாளர் சிங்கப்பூர் சென்றார். வாங்கி விற்பவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருப்பதைக் கண்டு, அவ்விரு பொறுப்புகளையும் பிரிக்க வேண்டுமென்று எழுதினார். அவர் எழுதியது முற்றிலும் சரி. ஆனால் அது நிறைவேற்றப்பட்டதா என்று பார்க்க எவரும் திரும்பிச் செல்லவில்லை.

நான்காவது, 1995-இன் தொடக்கத்தில் வெளித் தணிக்கையாளர்கள் 778 கோடி யென், அதாவது ஏறத்தாழ 5 கோடிப் பவுன், எங்கே என்று கேட்டனர். லீசன் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு பொய்க் கடிதங்களை ஒட்டி உருவாக்கித் தொலைநகலில் அனுப்பினார். அயல் நிறுவனத்திலிருந்து வந்ததாகக் கூறப்பட்ட அத்தாளின் மேல் விளிம்பில், அனுப்பியவர் வீட்டுப் பெயரே அச்சாகியிருந்தது. அதனையும் தணிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டனர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. ஈட்டுப் பணம் வேண்டுமென்று சிங்கப்பூர் கேட்டபோதெல்லாம் லண்டன் அனுப்பிக்கொண்டே இருந்தது. யாருக்காக, எந்தப் பேரத்திற்காக என்று பெயருடன் பொருத்திப் பார்க்கவில்லை. இறுதியில் அனுப்பியிருந்த தொகை 70 கோடிப் பவுனுக்கு மேல். ஆபத்தற்ற சிறு வணிகத்தில் இத்துணைப் பெரிய இலாபம் எவ்வாறு வரும், அதற்கு இத்துணைப் பெரிய ஈட்டுப் பணம் எதற்கு என்று ஒருவர் உரக்கக் கேட்டிருந்தால் போதும். இலாபம் தருபவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர்கள் எண்ணினர். பங்குத் தொழிலில் பணம் ஈட்டுவது அவ்வளவு கடினமன்று என்னும் கருத்தை வங்கித் தலைவரே 1993-இல் தெரிவித்திருந்தார்.

வீழ்ச்சி

நிக்கேய் எண் பெரிதும் அசையாது என்று நம்பி லீசன் ஒரு பொறுப்பை ஏற்றிருந்தார். எண் மிகவும் ஏறினாலோ மிகவும் இறங்கினாலோ பிறருக்கு ஏற்படும் நஷ்டத்தைத் தாம் ஈடுசெய்வதாக உறுதி கூறி, அதற்காக முன்கூட்டியே கட்டணம் பெற்றார். அக்கட்டணத்தைக் கொண்டு 88888-இன் பள்ளத்தைத் தூர்த்தார். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நாட்களில் நிக்கேய் எண் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் ஒரே நாளில் சரிந்தது. லீசன் பின்வாங்கவில்லை. தனியொருவராகச் சந்தையைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று கருதியவர்போல மேன்மேலும் வாங்கினார்.

பிப்ரவரி 23 அன்று, வருந்துகிறேன் என்று குறிப்பெழுதி வைத்துவிட்டு மனைவியுடன் மலேசியாவுக்குச் சென்றார். 26-ஆம் நாள் பேரிங்ஸ் வீழ்ந்தது. நஷ்டம் வங்கியின் மூலதனத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு. 1890-இல் காப்பாற்றிய இங்கிலாந்து வங்கி இம்முறை காப்பாற்றவில்லை. தாம் பணியாற்றிய வங்கி மறைந்த செய்தியை லீசன் செய்தித்தாளில் படித்தறிந்தார். மார்ச் 2 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். ஐ.என்.ஜி. என்னும் டச்சு நிறுவனம் 233 ஆண்டுப் பழமையுள்ள பேரிங்ஸை ஒரே ஒரு பவுன் விலைக்கு வாங்கியது. பங்குகளை வைத்திருந்த அறக்கட்டளைக்கு அவற்றின் மதிப்பு முழுவதும் போயிற்று. 1995 டிசம்பரில் சிங்கப்பூர் நீதிமன்றம் லீசனுக்கு ஆறரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நோயுற்ற நிலையில் 1999-இல் அவர் விடுதலை பெற்றார்.

தன்வரலாற்றைப் படிக்கும் முறை

இந்நூலை நாம் ஒரு வாக்குமூலத்தைப் படிப்பதுபோலப் படிக்க வேண்டும். குற்றம் செய்தவர் எழுதியது. ஆதலின் தம் இரக்கத்தைச் சற்று உயர்த்தியும் மேலதிகாரிகளின் அறியாமையைச் சற்று அழுத்தியும் எழுதியிருப்பார். இங்கிலாந்து வங்கியின் மேற்பார்வைக் குழுவும் சிங்கப்பூர் அரசு அமர்த்திய ஆய்வாளர்களும் 1995-இல் அறிக்கைகள் வெளியிட்டனர். பிழை திருத்துவதற்கு வேண்டிய அளவைவிட மிக அதிகமான பேரங்கள் அக்கணக்கில் எழுதப்பட்டிருந்தன. ஆகவே இருபது ஒப்பந்தங்களின் கதையை மட்டும் கொண்டு முழு உண்மையையும் அளந்துவிட இயலாது.

ஆயினும் ஒன்றில் ஆசிரியரும் ஆய்வாளர்களும் ஒத்துப்போகின்றனர். இரு பொறுப்புகளையும் இருவரிடம் கொடுத்திருந்தால் இவ்வீழ்ச்சி நிகழ்ந்திராது. குற்றம் லீசனுடையது, அதற்குக் கதவைத் திறந்து வைத்தது நிர்வாகம். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது நியாயமாகாது.

நமது அனாமத்து

லண்டனும் சிங்கப்பூரும் எங்கோ இருக்கின்றன என்று நாம் கூறிவிட இயலாது. அவர்களுடைய பிழைக் கணக்கிற்கு நம் சங்கங்களில் வழங்கும் பெயர் அனாமத்து. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று உடனே தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் இடம் அது. அக்கணக்கு இருப்பதில் குற்றமில்லை. தற்காலிகமாக வைத்தது நிரந்தரமாகத் தங்கிவிடுவதே குற்றம்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தில் நடந்ததைக் கூறுகிறோம். நூல் கிடங்கில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பாவு நூல் வழங்கியதில் இரண்டு கட்டுகள் கணக்கில் வரவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை என்று இரங்கிய செயலாளர், அதன் விலையை அனாமத்தில் எழுதி வைத்தார். நூல் இருப்புப் பதிவேட்டையும் பேரேட்டையும் அவரே எழுதி வந்தார். ஆய்வின்போது அவ்வரியை நாம் கண்டோம். தொகை சிறிது; செயலாளரோ நல்ல மனிதர். "விரைவில் நேர் செய்யப்பட வேண்டும்" என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டு வந்துவிட்டோம்.

மறு ஆண்டு சென்றபோது அவ்வரிக்குக் கீழே வேறு பல வரிகள் சேர்ந்திருந்தன. திரும்பி வந்த சேலைகளின் தள்ளுபடி, வசூலாகாத கடன் விற்பனை, கணக்கில் ஒட்டாத போக்குவரத்துச் செலவு என்று ஒவ்வொன்றும் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தது. செயலாளர் ஒரு காசும் எடுத்திருக்கவில்லை. ஆனால் இருப்பதாக ஏட்டில் காட்டிய பணம் சங்கத்தில் இல்லை. தீபாவளிக்கு முன் கொடுக்க வேண்டிய நெசவுக் கூலி நின்றுபோயிற்று. வாசலில் அமர்ந்திருந்த முதியவரான அங்கத்தினர் ஒருவர் நம்மைப் பார்த்து, "ஐயா, போன வருஷமே நீங்கள் பார்த்துவிட்டுத்தானே போனீர்கள்?" என்று கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. சிங்கப்பூருக்குச் சென்ற அந்த உள்தணிக்கையாளரைப் பற்றிப் படித்தபோது நமக்கு அம்முதியவரின் முகமே நினைவுக்கு வந்தது. குறிப்பெழுதுவது பாதி வேலை. அது நிறைவேறியதா என்று திரும்பிச் சென்று பார்ப்பதே மறுபாதி.

அங்கத்தினர் செய்ய வேண்டுவன

இப்பாடத்திலிருந்து ஐந்து கடமைகளை மேற்கொள்ளலாம்.

1. பணம் அல்லது சரக்கைக் கையாளுபவர் ஒருவராகவும், கணக்கு எழுதுபவர் மற்றொருவராகவும் இருக்கட்டும். ஊழியர் ஒருவரே உள்ள சிறு சங்கத்தில், நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் மாதந்தோறும் நூல் கட்டுகளையும் மூட்டைகளையும் நேரில் எண்ணி, ஏட்டில் கையெழுத்திட வேண்டும்.

2. அனாமத்துக் கணக்கிலுள்ள ஒவ்வொரு வரியும் குழுக் கூட்டந்தோறும் வாசிக்கப்பட வேண்டும். எப்பொழுது எழுதப்பட்டது, ஏன் எழுதப்பட்டது, எப்பொழுது தீரும் என்னும் மூன்றுக்கும் விடை வேண்டும். பயனற்றுப்போன கணக்குத் தலைப்பு மூடப்பட வேண்டும்.

3. நஷ்டத்தைக் கேட்பதுபோலவே இலாபத்தையும் கேளுங்கள். மற்றச் சங்கங்கள் தவிக்கும் ஆண்டில் நம் சங்கம் மட்டும் பெரும் இலாபம் காட்டினால், அது எவ்வாறு வந்தது என்று மகாசபையில் எழுந்து வினவுவது அங்கத்தினரின் உரிமை.

4. கணக்குகள் கணிப்பொறிக்கு மாறிவருகின்றன. ஒருவருடைய கடவுச்சொல்லை மற்றவர் பயன்படுத்துவதும், பலருடைய கடவுச்சொற்கள் ஒருவரிடமே இருப்பதும் சாவியையும் பேரேட்டையும் ஒன்றாக்குவதேயாகும்.

5. பிழையை ஒப்புக்கொண்டு வருபவரை முதல் நாளிலேயே தண்டிக்காதீர்கள். அப்பெண்ணின் வேலை போய்விடும் என்னும் அச்சம் இல்லாதிருந்தால், லீசனுக்கு மறைப்பதற்குச் சாக்கு இருந்திராது. நூல் கட்டு குறைந்தது என்று வந்து சொல்லும் இளைஞனுக்குச் சங்கத்தில் இடமுண்டு; மறைப்பவருக்கு இடமில்லை என்பது எல்லோரும் அறிந்த வழக்கமாகட்டும். இரக்கம் வெளிப்படையாகக் காட்டப்படும்போது அறமாகிறது. கணக்கில் ஒளிக்கப்படும்போது ஆபத்தாகிறது.

கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்று சிலர் கூறுவதுண்டு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதும் நம் பெரியோர் கூறியதே. லண்டன் பெருவங்கி எழுபது கோடிப் பவுனை அளவாமல் ஆற்றிலே போட்டது. நம்முடைய பணமோ தறிக்குழியிலும் வரப்பிலும் ஈட்டியது. அளந்து பார்ப்பதற்கு நாணவேண்டியதில்லை. செயலாளர்மீது அன்பிருந்தால் அவருடைய ஏட்டைத் திறந்து பாருங்கள். நேர்மையான செயலாளர் அதனையே விரும்புவார்.

கூட்டத்தில் கலந்து ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் அனாமத்துக் கணக்கின் இருப்பு எவ்வளவு? அதில் ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட வரிகள் உண்டா?

2. சென்ற தணிக்கையில் எழுதப்பட்ட குறைகளுள் எவை நேர் செய்யப்பட்டன? எவை எஞ்சியுள்ளன?

3. பணம், சரக்கு, பேரேடு ஆகிய மூன்றும் நம் சங்கத்தில் எத்தனை பேர் கையில் இருக்கின்றன?

4. நம் ஊழியர் ஒருவர் நாளை ஒரு பிழை செய்துவிட்டால், அதனை அச்சமின்றிக் குழுவிடம் வந்து சொல்லத் துணிவாரா? இல்லையெனில் காரணம் என்ன?